ஒகேனக்கல் பரிசலும் என் மகளின் மணிக்கட்டும்

என் மகள் மதுவுக்கு வலிப்பு நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வயது பதினொன்று. அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் அவள் மணிக்கட்டு என் கையில்தான். "பத்து மாசமா வலிப்பு வரவே இல்லையேம்மா, ஒரே ஒரு தடவ பரிசல்ல கூட்டிட்டுப் போ" என்று தினமும் நச்சரிப்பு. லைஃப் ஜாக்கெட் போட்டு, நான் பக்கத்தில் இருந்தால் போகலாம், ஆற்றில் இறங்கிக் குளிக்க மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். போன தை மாதம், தண்ணீர் குறைந்திருந்த ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

காலை ஏழரைக்கு இட்லி, மாத்திரை. அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரி வந்து எட்டரை பஸ் பிடித்தோம். பென்னாகரம் தாண்டிப் பதினாறு கிலோமீட்டர், கடைசியில் மலை இறக்கம். வாந்தி வரும் பிள்ளைகளை முன்சீட்டில் உட்கார வையுங்கள். (மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்தால் வம்பு!) பத்தே காலுக்கு இறங்கினோம்.

நான் கையை விடாததைப் பார்த்த பரிசல்காரர், "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

"லேசா தலைசுத்தல்ங்க." கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நான் சொல்லும் அதே பொய்.

"இல்லீங்கண்ணா, எனக்கு வலிப்பு வரும்" என்றாள் மது.

"அடடா! இரும்பு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

முதல் தடவை வலிப்பு வந்தபோது அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தவள் நான். டாக்டர் திட்டியும் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"இரும்பெல்லாம் வேணாங்கண்ணா. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும். வாயில எதையும் வெக்கக்கூடாது. அஞ்சு நிமிசம் தாண்டுனா ஆம்புலன்ஸ்" என்றாள் மது.

"கெட்டிக்காரிதான் கண்ணு! ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டிட்டு அம்மா பக்கத்துல ஒக்காரு."

பாறைகளுக்குள் நுழைந்ததும், "கைய விடும்மா" என்றாள். மனசே இல்லாமல் விட்டேன். அவர் பரிசலை ஒரு சுற்றுச் சுற்ற, "இன்னொரு சுத்து!" என்று கத்தினாள். ஐயோ, இவள் இப்படிக் கத்தி எத்தனை நாளாச்சு!

இப்படிப்பட்ட பிள்ளையோடு போகிறவர்கள் பதினோரு மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு வெயில் தாங்காது. அடுத்த வேளை மாத்திரையும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். பரிசல்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஏறுங்கள். தண்ணீர் அதிகமென்றால் பேசாமல் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.

மூன்று பத்து பஸ்ஸில் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். "பஸ்ஸுல எதுக்கும்மா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தருமபுரி வரைக்கும் என் கை சும்மாவே கிடந்தது. அந்த மணிக்கட்டுக்கு அப்படி ஏங்கினேன்.