எட்டு மணி வலி

1991-ஆம் ஆண்டு, ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. "இப்படியே போனால் மறுபடியும் திறந்துதான் பார்க்கவேண்டும்" என்றார் டாக்டர். என் வலது இடுப்பைத்தான் சொன்னார். பழைய மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

நான் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும். "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைவழியில் காத்திருந்த அம்மாவிடம், "மூணு வாரம் கழிச்சு வரச் சொன்னாரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

நம் வழிபாட்டுக் குழுவில் என்னை அறியாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை டெக்னீஷியனாக இருக்கிறேன். அம்மாவும் நானும் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பிறந்ததிலிருந்தே எனக்கு வலது இடுப்பு மூட்டு அதன் குழியில் சரியாகப் பொருந்தவில்லை. சின்ன வயதில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நொண்டியே பள்ளிக்கூடம் போனேன், நொண்டியே போலிடெக்னிக்கில் படித்தேன். இருபத்தேழு வயதில் எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்தது. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். தைப்பூசம் முடிந்த மறு வாரம் மாற்றினார்கள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். தரையில் உட்காரக் கூடாது. குந்தக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. தாழ்வான நாற்காலி ஆகாது. தூங்கும்போது தொடைகளுக்கு நடுவில் தலையணை இருக்கவேண்டும். நான் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கட்டம் போட்டுத் தினமும் குறி வைத்தேன். எங்கள் வேலையில் அப்படித்தான். எழுதாதது நடக்காதது மாதிரி.

வலிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. காலை, மதியம், மாலை, இரவு எட்டு மணி. வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். முதல் ஆறு வாரம் கோடு அழகாக இறங்கியது. ஏழு, ஆறு, நான்கு. பிறகு நின்றது. பிறகு, எல்லாரும் குணமாகிற நேரத்தில், எனக்கு மட்டும் ஏற ஆரம்பித்தது.

அந்த வலியை எப்படிச் சொல்வது? கத்துகிற வலி இல்லை. அடித்தொடையின் உள்ளே, கை எட்டாத இடத்தில், யாரோ ஒரு திருகாணியைக் கால் சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிற மாதிரி. மாலையில் ஒரு சுற்று. மறுநாள் மாலையில் இன்னொரு சுற்று. படுக்கையில் புரள முடியாது. காலுறையை அம்மாதான் மாட்டிவிடவேண்டும். மாத்திரை போட்டால் தலை மந்தமாகும், வலி அப்படியே இருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார்கள். முதலில் விவரமாகப் பதில் சொன்னேன். பிறகு "பரவாயில்லை" என்றேன். கடைசியில் வாசல் மணி அடித்தால் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன். வலியைவிட அதைப் பற்றிப் பேசுவதுதான் அலுப்பாக இருந்தது.

குயின் ஸ்திரீட் கோயிலுக்குப் போக முடியவில்லை. நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கும் வர முடியவில்லை. அதனால் வீட்டிலேயே, தினமும் மாலை ஏழு மணிக்கு, அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்தேன். முதலில் கால் மணி நேரம். வலி கூடக் கூட, அரை மணி ஆக்கினேன். ஏப்ரலில் நூற்றெட்டு போற்றி சேர்த்துக்கொண்டேன். மே மாதத்தில் முக்கால் மணி நேரம். எழுந்திருக்கும்போது கண் இருட்டும். அம்மா வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார். "சோதிக்கிறாம்மா" என்பேன். "சோதிக்கட்டும், நீ விடாதே" என்பார் அம்மா.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வலி கூடிக்கொண்டே போவதால் உள்ளே மூட்டு தளர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். மறுபடி அந்த மேசை. மறுபடி முதல் நாளிலிருந்து. என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை போற்றி சொல்ல வாய் வரவில்லை. "தாயே, என்னை மறுபடி திறக்க விடாதே. நான் எதைக் கவனிக்கவில்லையோ அதை எனக்குக் காட்டு" என்றேன். அவ்வளவுதான். எப்போதும் "வலியை எடு" என்றுதான் கேட்பேன். "காட்டு" என்று அன்றுதான் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சிக்காக மருத்துவமனைக்குப் போனேன். வழக்கமாக எனக்குப் பயிற்சி கொடுக்கிறவர் அன்று விடுப்பு. அவருக்குப் பதிலாக ஒரு மலாய்ப் பெண் வந்திருந்தாள். பெயர் ரோஸ்னா. என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். என்னைக் "காக்" என்றாள். அக்கா என்று அர்த்தம். நான் வரைபடத்தைக் கொடுத்தேன். இதுவரை அதை வாங்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் "நல்லா வரைந்திருக்கீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இவள் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"காக், காலையில மூணு. மதியம் மூணு. எட்டு மணிக்கு மட்டும் ஏன் ஏழு, எட்டுன்னு போகுது? ஏழு மணிக்கு மேல என்ன செய்றீங்க?" என்று மலாயில் கேட்டாள்.

"ஒன்றும் செய்றதில்லை."

"சமையல்? துணி?"

"எல்லாம் அம்மாதான். நான் சும்மா செம்பாயாங் பண்ணுவேன், அவ்வளவுதான்." செம்பாயாங் என்றால் மலாயில் தொழுகை, வழிபாடு. அவர்களுக்கும் நமக்கும் ஒரே சொல்தான்.

"நின்னுக்கிட்டா, உட்கார்ந்தா?"

"உட்கார்ந்து."

"எதுல?"

நான் கையை விரித்து உயரத்தைக் காட்டினேன். ஒரு சாண். தரையில் உட்காரக் கூடாது என்று தாளில் இருந்ததால் அம்மா தேங்காய் துருவும்போது போட்டுக்கொள்கிற சின்னப் பலகையைக் கொடுத்திருந்தார். தரையும் இல்லை, நாற்காலியும் இல்லை அல்லவா? அதனால் கட்டத்தில் தைரியமாகக் குறி வைத்திருந்தேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறுவதற்குப் போட்டிருக்கும் படிப்பலகையை இழுத்துப்போட்டு, தானே அதில் உட்கார்ந்தாள். முட்டி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது.

"என் முட்டி எங்க இருக்கு பாருங்க, காக். காலையாவது முன்னால நீட்டிக்குவீங்களா?"

"சாமி முன்னால காலை நீட்டக் கூடாது. மடக்கி வச்சுக்குவேன்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

"அடக் கடவுளே" என்றாள். நான் வரைபடத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். தொழிற்சாலையில் மற்றவர் கண்ணில் படாத பிழையைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். என் வரைபடத்தின் அடியில் நடை, குளியல், சாப்பாடு, பயிற்சி எல்லாம் நேரத்தோடு குறித்திருந்தேன். வழிபாடு மட்டும் இல்லை. அது ஒரு வேலையாக எனக்குத் தோன்றவே இல்லை. அது கெடுதல் செய்யும் என்று எப்படித் தோன்றும்? வலி கூடினால் அதிகம் உட்கார்ந்தேன். அதிகம் உட்கார்ந்ததால் வலி கூடியது.

"நாற்காலில உட்கார்ந்தா சாமியைவிட உயரமா ஆயிடுமே" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது என் குரல்.

"எங்க மாமாவுக்கு முட்டி போச்சு. பள்ளிவாசல்ல நாற்காலி போட்டுத்தான் தொழறார். யாரும் ஒன்னும் சொல்லலையே லா. உங்க கடவுள் நாற்காலி வேணாம்னு சொன்னாரா, இல்ல நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா?"

அவளே டாக்டரிடம் போய்ப் பேசினாள். குறித்த நாள்வரைக்கும் பலகை வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மறைத்ததையும் சேர்த்து. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். பலகையைக் கொடுத்தது தான்தானே என்று நினைத்திருப்பார். பிறகு தையல் மிஷினைத் துடைத்து, மேலே பட்டுத்துணி விரித்து, அம்மன் படத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"நீ உயரமா உட்கார்ந்தா அவளும் உயரமா உட்காரட்டும்."

"இடம் மாத்தலாமாம்மா?"

"திருவிழா வந்தா தேரேறி ஊர் சுத்துறவ. மிஷின்மேல ஏற மாட்டாளா? பேசாம விளக்கை ஏத்துடி."

அன்று நான் சாப்பாட்டு மேசை நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்து கும்பிட்டேன். பதினைந்தே நிமிடம். முதல் நான்கு நாள் ஒரு மாற்றமும் இல்லை. மனம் மறுபடி சோர்ந்தது. ஐந்தாம் நாள் எட்டு மணிக்கு ஆறு. வாரக் கடைசியில் ஐந்து. மூன்றாம் வாரம் டாக்டர் வரைபடக் கோட்டைப் பார்த்தார், புது எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். "திறக்க வேண்டாம்" என்றார். அப்போதுதான் அழுதேன். ரோஸ்னா ஒரு துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இப்ப சாக்கிட்டா?" என்று கிண்டல் செய்தாள். வலிக்கிறதா என்று.

வலி முழுக்கப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்று, நவம்பரில் இதை எழுதும்போதும் மாலையில் இரண்டு இருக்கிறது. மழைநாளில் மூன்று. வேலைக்குப் போய் வந்தால் அலுத்துத்தான் போகிறேன். அது குணமாகிற உடம்பின் அலுப்பு என்கிறார்கள். அதைச் சுமக்க முடிகிறது. நான் கேட்டது இரண்டு. திறக்க விடாதே என்றேன், திறக்கவில்லை. காட்டு என்றேன், இரண்டே நாளில் காட்டினாள். வேறொருவருடைய விடுப்பு நாளில், வேறொரு மதத்துப் பெண்ணின் வாயால் காட்டினாள். அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அம்மனுக்கு என் மடங்கிய கால் தேவைப்படவில்லை. நான்தான் அதைக் காணிக்கை மாதிரிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வழிபாடு சிறியது. உடம்பு சொல்வதை முதலில் அவளிடம் சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

நம் குழுவில் முட்டி வலியோடும் முதுகு வலியோடும் பல்லைக் கடித்துக்கொண்டு பாயில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் எழுத மாட்டேன். உட்கார முடியவில்லை என்று வராமலே நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். சகோதரிகளே, நம்பிக் கேளுங்கள். அவள் காட்டுவாள். வரும் வெள்ளிக்கிழமை பின்சுவரோரம் ஆறு நாற்காலி போட்டு வைக்கிறேன். ஒன்றில் நான் இருப்பேன். மற்ற ஐந்தும் உங்களுக்கு.