தலை குனியாமல் ரிசல்ட் வாங்கியவர்கள்

எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஊசி குத்துவது லேப் டெக்னீஷியன். அதற்குப் பிறகு வலிப்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது கவுன்சிலர். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், மாத்திரை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலத்தில், விருத்தாசலத்தில் நான் அந்த வேலை பார்த்தேன். வேறு ஊர்களில் இதே வேலை பார்த்த நீங்கள் இதைப் படித்தால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் நகராட்சி கவுன்சிலர்தான். முதல் வாரம் என்னைத் தேடி வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர்கள். மூன்றாவது ஆள் அவர்களுக்கு வழிகாட்ட வந்தவர்.

கீழே வருகிறவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். பேச்சை மாற்றவில்லை.

வாடகை வீடு

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மாவுக்கு என் வேலை என்னவென்று தெரிய ஒரு மாதம் ஆனது. தெரிந்த மறுநாள், "அந்த ஆளுங்கள்லாம் தொட்ட கையோட வர்றீங்க" என்று ஆரம்பித்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தொட்டால் பரவாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு வீட்டு வாசலில் அதைச் சொல்ல முடியவில்லை.

மையத்துக்கு வந்து டெக்னீஷியன் தனசேகரனிடம் புலம்பினேன். அவர் எனக்கு முன்பே இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தவர். கையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் மூணு வூடு மாறிட்டேன் மேடம். நாலாவது வூட்டுக்காரர் நம்மகிட்டயே டெஸ்டுக்கு வந்தாரு. அதுலேருந்து மாறல."

தனிக் கப்பு

கொளஞ்சி ஒரு செராமிக் பட்டறையில் டீ கப் வார்க்கிறவர். பீங்கான் மண் கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, விளிம்பைத் தேய்த்துச் சூளைக்கு அனுப்புவது அவர் வேலை. லாரி ஓட்டிய கணவர் இறந்த பிறகு பரிசோதனைக்கு வந்தார். பாசிட்டிவ். கணவர் எதனால் இறந்தார் என்ற பேச்சு அவருக்கு முன்பே பட்டறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பத்து மணி டீக்கு எல்லோருக்கும் தட்டில் கப் வரும். அவருக்கு மட்டும் அடியில் சிவப்புப் பொட்டு வைத்த ஒரு கப், ஜன்னல் ஓரத்தில் தனியாக இருக்கும்.

முதலாளியிடம் அனுமதி வாங்கி நான் அங்கே பேசப் போனேன். யாருடைய நோயைப் பற்றியும் பேசவில்லை. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதை மட்டும் முக்கால் மணி நேரம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முதலாளி எனக்கு நன்றிகூடச் சொன்னார். பிறகு டீ வந்தது. தட்டு ஒரு பக்கம், சிவப்புப் பொட்டு ஒரு பக்கம். எனக்கு அப்படியே எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

கொளஞ்சி எழுந்தார். சிவப்புப் பொட்டுக் கப்பை அப்படியே விட்டுவிட்டு, தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் குடித்து முடித்தார். யாரும் தடுக்கவில்லை. கப்பைக் கழுவி, மற்ற கப்புகளோடு கவிழ்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் முதலாளியிடம் சொன்னார்: "இந்த ஊரு டீக்கடைல இருக்குற கப்புல பாதி நான் ஊத்துனது. அத்தனையும் என் கை பட்டதுதாங்க. எனக்கு எதுக்குத் தனியா ஒண்ணு?"

லேகியம்

சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயி ராமலிங்கம். மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதத்தில் உடம்பு தேறி, நடவு வேலைக்கே போய்விட்டார். அப்போது பஸ்ஸில் யாரோ அவர் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். நாற்பத்தைந்து நாள் லேகியம் சாப்பிட்டால் நோய் அடியோடு போய்விடுமாம். இங்கிலீஷ் மருந்தை மட்டும் நிறுத்திவிட வேண்டுமாம். எங்களிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டார். இப்படி எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம். மூன்று மாதம் கழித்து அவர் மனைவி ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். காசநோய் வேறு சேர்ந்திருந்தது. எதிர்ப்புச் சக்தியை அளக்கும் சி.டி.4 எண்ணிக்கை பாதாளத்தில் இருந்தது. முதலில் காசநோய்க்கு மருந்து, பிறகு மறுபடி பழைய மாத்திரை. எழுந்து உட்கார அரை வருடம் ஆனது.

அந்த லேகியத்தை விற்ற வைத்தியர் மறுபடியும் ஊருக்கு வந்து ஒரு லாட்ஜில் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும், ராமலிங்கம் என்னிடம் வந்து தன் ரிப்போர்ட்டுகளின் நகலைக் கேட்டார். லேகியத்துக்கு முன், பின், இப்போது. அடிதடிக்குப் போகிறாரோ என்று பயந்தேன். வெளியே காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றும் எச்சரித்தேன். தெரியட்டும் என்று போய்விட்டார்.

லாட்ஜ் வராந்தாவில் காத்திருந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து, மூன்று தாளையும் ஒவ்வொருவரிடமும் காட்டியிருக்கிறார். விஷயம் தெரிந்து வைத்தியரே வெளியே வந்து, உள்ளே போய்ப் பேசலாம் என்று தோளில் கை போட்டிருக்கிறார். அங்கிருந்து நேராக எங்கள் மையத்துக்கு வந்த நாலு பேர் சொல்லித்தான் ராமலிங்கத்தின் பதில் எனக்குத் தெரியும்: "உள்ள என்னாத்துக்குங்க? நோய ரகசியமா வெச்சிக்கிட்டுதான உங்ககிட்ட வந்து மாட்டுனோம். பேசுறத இங்கயே பேசுங்க."

மாப்பிள்ளைத் தாள்

மங்கலம்பேட்டையிலிருந்து சபீனா என்ற பெண் தன் அம்மாவோடு வந்தாள். கல்யாணம் பேசியிருந்தார்கள், மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை. சபீனாவின் பெரியம்மா மகள், கணவனிடமிருந்து நோய் வந்து, இருபத்தாறு வயதில் இறந்தவள். அதனால் மாப்பிள்ளை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சபீனா சொல்ல, கேட்டாலே சம்பந்தம் முறிந்துவிடும் என்று அவள் அப்பா மறுத்துவிட்டார். அப்படியானால் முதலில் நான் செய்துகொள்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். நெகட்டிவ். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

கல்யாணத்துக்கு நாள் குறிக்க இரு வீட்டாரும் கூடிய அன்று, பெரியவர்கள் முன்னால் அதை எடுத்து வைத்துவிட்டாளாம். மாப்பிள்ளையின் மாமா எழுந்துவிட்டார். லீவில் வந்திருந்த மாப்பிள்ளை எழவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் தனியாக வந்து என் முன்னால் உட்கார்ந்தார். யாராவது கட்டாயப்படுத்தியதால் வந்தீர்களா என்று கேட்க வேண்டியது எங்கள் விதி, கேட்டேன். அவர் சொன்னார்: "கட்டாயம்லாம் இல்லீங்க. அவங்க பேப்பர முதல்ல வெச்சிட்டாங்க. நான் வெக்கலன்னா நான்தான சின்ன ஆளு?"

பதினெட்டு மாதம்

நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த சரசுவுக்கு அப்போது ஏழாவது மாதம். பாசிட்டிவ் என்று தெரிந்ததும், அதுவரை பார்த்துவந்த ஒரு தனியார் கிளினிக்கில் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். எங்களிடம் வந்தார். வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்குச் சில சொட்டு மருந்து. பிள்ளைக்குப் பரவும் வாய்ப்பு குறையும், உறுதி சொல்ல முடியாது என்றேன். குறையுதுல்ல, போதும் என்றார். பிரசவ வார்டு நர்ஸ் மேரி சிஸ்டர் எல்லோருக்கும் போடும் அதே கையுறையைப் போட்டுக்கொண்டு பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை.

பிள்ளைக்கு நோய் உண்டா இல்லையா என்று தெரிய அந்தக் காலத்தில் பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை தாயின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் பிள்ளையின் உடம்பில் இருக்கும். பரிசோதனை தப்பாகக் காட்டும். அந்தப் பதினெட்டு மாதமும், ரொம்பப் பாசம் வைக்காதே, எதற்கும் ரிசல்ட் வரட்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரசு ஒரு வயதிலேயே மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தினார். மேரி சிஸ்டரையும் என்னையும் அழைத்தார். நாங்கள் போனோம். பந்தியில் எங்களையும் சேர்த்து ஒன்பது பேர்.

ரிசல்ட் அன்று தாளை நான் போய் வாங்குவதற்குள் தனசேகரனே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நெகட்டிவ். கவுன்சிலர் அழக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நான் அழுதேன். சரசு அழவில்லை. மகளின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி மேடம், இவளுது முடிஞ்சிது. இப்ப என்னுத ஆரம்பிங்க. இவ பத்தாவது பாஸ் பண்ற வரைக்கும் நான் போவ மாட்டேன், எழுதிக்குங்க."

தைரியம் கொடுப்பதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். கொடுத்ததைவிட வாங்கியது அதிகமானால் அதை மாதாந்திர அறிக்கையில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று மட்டும் கடைசி வரை யாரும் சொல்லவில்லை.