லஞ்ச் ஷீட் வாடை

உக்குவளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என் ராத்தாவின் புருஷனுக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. சமையல் எல்லாம் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில்தான்; ராத்தாவின் தங்கச்சியான நானும் அங்கேதான் இருக்கிறேன். சோற்றுப் பார்சல் கட்டுவது ராத்தாவின் வேலை. மெல்லிய பொலித்தீன் லஞ்ச் ஷீட்டைத் தட்டையான கோப்பையில் விரித்து, அண்டாவிலிருந்து ஆவி பறக்கும் சோற்றை அள்ளிப் போடுவா. மேலே பருப்பு, போஞ்சி, இறைச்சிக் குழம்பு. சூடு பட்டதும் அந்தத் தாள் நெளியும். எண்ணெய் விழுந்த இடம் சுருங்கிச் சோற்றோடு ஒட்டிக்கொள்ளும், பாலில் படிந்த ஆடை மாதிரி. கடைசியாக மிஞ்சியதை இன்னொரு ஷீட்டில் போட்டு அவ சாப்பிடுவா. யட்டவத்தையில் நான் வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து என் பையிலும் ஒரு பார்சல் இருக்கும். வருசக்கணக்காக அதைத்தான் தின்றோம்.

ராத்தாவின் மார்பில் கட்டி வந்தது. வெட்கத்தில் பல மாதம் யாருக்கும் சொல்லவில்லை. கடைசியில் குசினி அடுப்படியில் வைத்து என் கையைப் பிடித்துத் தொடவைத்தா. கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் போனது, வாயெல்லாம் புண். வெங்காயம் வதக்கும் வாடையைக்கூடத் தாங்குவா. லஞ்ச் ஷீட் கட்டைப் பிரித்தால் மட்டும் ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடுவா.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிள்ளைக்குப் பால் குடுக்காததால் வந்தது என்றாள் ஒருத்தி. ராத்தா மூன்று பிள்ளைக்கும் குடுத்தவ. கண்ணூறு என்றாள் இன்னொருத்தி. அவள் ஆட்டுக்கால் சூப்பை பொலித்தீன் ஷொப்பிங் பேக்கில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். பை சூட்டில் தொளதொளத்துத் தொங்கியது. நான் கோப்பையில் ஊற்றினேன். கொழுப்புக்கு மேலாக, வெயிலில் கிடந்த புது பிளாஸ்டிக் வாளியின் வாடை வந்தது. ராத்தா கட்டிலிலேயே வாந்தி எடுத்தா. அதைத் துடைக்கும்போது எனக்கும் வந்துவிட்டது.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்.

"டொக்டர், இந்த பிளாஸ்டிக், பொலித்தீனால இது வருமா?"

அவர் பேனையை வைத்துவிட்டுச் சொன்னார். "சில பிளாஸ்டிக்கில சேர்க்கிற ரசாயனங்கள் உடம்புக்குள்ள போய், பொம்பிளையளின்ர ஹோர்மோன் மாதிரி நடிக்குது. உங்கட அக்காவுக்கு வந்தது ஹோர்மோனைத் திண்டு வளர்ற வகை. அதால இப்பிடியான ரசாயனங்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் எண்ட சந்தேகம் இருக்கு. ஆனா இவவுக்கு இதாலதான் வந்தது எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. வேற காரணங்களும் கனக்க இருக்கு."

"அப்ப என்ன செய்றது?"

"சூடான சாப்பாட்டை, எண்ணெய்ச் சாப்பாட்டை அதில போடாதேங்கோ. சூட்டிலதான் கூடக் கசியும்."

பார்சல் கட்டிய தன் விரல்களையே ராத்தா பார்த்துக்கொண்டிருந்தா.

வீட்டுக்கு வந்து ராத்தாவின் புருஷனான மச்சானிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நான்தான் இவளுக்கு நஞ்சு குடுத்தேன்னு சொல்றியா?"

"டொக்டர் அப்பிடிச் சொல்லல்ல மச்சான். இருக்கலாம்னுதான் சொன்னாங்க."

"ஊரே இதுலதான் திங்குது. ஊருக்கே வந்திச்சா?"

அவர் கடையில் ஷீட் தொடர்ந்து ஓடியது. பார்சல் கட்டச் சம்பளத்துக்கு ஒரு பொம்பிளையைச் சேர்த்துக்கொண்டார். என் பார்சலை நான் நிறுத்தி, எவர்சில்வர் டப்பாவில் சோறு கொண்டுபோனேன். ஒருநாள் சோறு ஆகுமுன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. யட்டவத்தைக் கடையொன்றில் அந்த டப்பாவை நீட்டினேன். கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டு, டப்பா அழுக்காகாமல் இருக்க உள்ளே ஒரு லஞ்ச் ஷீட்டை விரித்துச் சோறு போட்டுத் தந்தார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டேன்.

மருந்தெல்லாம் முடிந்து ராத்தா தேறியதும், மச்சான் நன்றிக்கு துஆ ஓதிக் கந்தூரி விருந்து கொடுத்தார். பின்வளவில் கூடாரம் போட்டு, கூலிக்கு வந்த சமையல்காரர் நெய்ச்சோறு இறக்கினார். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பொலித்தீன் விரித்து, கொதிக்கும் சோற்றைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ராத்தா தலையில் சால்வையோடு பின்வாசலில் வந்து நின்றா.

"இந்த ஷீட்ட எடுங்க," என்றா.

"இது போட்டா சஹன் கழுவத் தேவையில்ல தங்கச்சி. சுத்தமாயிருக்கும்," என்றார் சமையல்காரர்.

ராத்தா ஒரு சஹனில் ஷீட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தா. சோறு மண்ணில் கொட்டியது. அடிப்பக்கம் வேர்த்து, நெய் வழிய, பொலித்தீன் அவ கையில் தொங்கியது. சத்தம் கேட்டு மச்சான் ஓடி வந்தார்.

"எனக்குச் சொகமானதுக்கு துஆ ஓதிட்டு, வந்த புள்ளைகளுக்கு இதுலயா போட்டுக் குடுக்கிறீங்க?"

மச்சான் தலை குனிந்தார். பிறகு, சோறு போடாத சஹன்களிலிருந்து ஒவ்வொரு ஷீட்டாக அவரே உரித்தெடுத்தார். ஏற்கெனவே சோறு போட்ட சஹன்கள் உள்ளே பொம்பிளைகளுக்குப் போய்விட்டன. பொம்பிளைகள் சாப்பிட்டு முடிக்கும் நேரம் எட்டிப் பார்த்தேன். ஒருத்தி கடைசிக் குழம்பை நகத்தால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். நகம் பட்ட இடத்தில் ஷீட் கிழிந்திருந்தது. ஒரு துண்டு சோற்றோடு உள்ளே போயிருக்கும்.

இப்போது மச்சான் கடையில் வாழை இலையை அனலில் வாட்டி, பழுப்புத் தாளில் சுற்றிப் பார்சல் கட்டுகிறார்கள். குழம்பு ஒழுகுகிறது என்று சிலர் எதிர்க்கடைக்கு மாறிவிட்டார்கள். ராத்தா தினமும் ஹோர்மோனை அடக்கும் மாத்திரை குடிக்கிறா. போன கிளினிக்கில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஏன் இலைக்கு மாறினீர்கள் என்று கேட்பவர்களிடம் மச்சான் ராத்தாவைப் பற்றிச் சொல்வதில்லை.

"இலையில ருசி கூட," என்று சொல்லிவிட்டு அடுத்த பார்சலை எடுக்கிறார்.