சர்க்கார் கடிகாரம்

போன வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் ஒரு கார் ஷோரூமில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கார் எனக்கில்லை. தோழியின் மகன் பிரபுவுக்கு. காலேஜில் இயற்பியல் பேராசிரியர். பணம் கட்டியாகிவிட்டது. பானெட்டுக்கு மாலை போட்டாகிவிட்டது. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. சாவியை மட்டும் வாங்க மாட்டேன் என்கிறான்.

"ஏம்ப்பா?"

"பன்னண்டு ஆகட்டும் ஆன்ட்டி. ராகு காலம்."

இதே பிரபுதான் போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டபடியே, காலம் என்று ஒன்று உண்மையில் இல்லவே இல்லை, நேற்று, இன்று, நாளை எல்லாம் மனித மூளை செய்துகொண்ட ஏற்பாடு என்று விளக்கியவன். ரசம் ஆறிப்போகும் வரை விளக்கினான்.

"காலமே இல்லைன்னியே... ராகுவுக்கு மட்டும் எங்கேர்ந்துப்பா ஒன்றரை மணி நேரம் கிடைச்சுது?"

"அது வேற, இது வேற ஆன்ட்டி!"

எனக்கு எரிச்சல். என்னை அறியாமலே கண் சுவர்க் கடிகாரத்தைத் தேடியது. சிவப்பு வெளிச்சத்தில் வெறும் எண்கள் ஓடும் டிஜிட்டல் கடிகாரம். தள்ளுவதற்கு முள் இல்லை.

எதற்காக முள்ளைத் தேடினேன்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டீச்சர் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா பெயர் ஞானம்மா. நாங்கள் லுத்தரன் சபை. தலைமுறை தலைமுறையாக வயலில் கூலி வேலை. அப்பா காலத்தில்தான் ஒரு படி ஏறி, ஊர் மிராசுதாரிடம் ஐந்து மா நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாக, வாங்கி உழுதார். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எழுத்து எதுவும் கிடையாது. வாய் வார்த்தைதான். எங்கள் வீடும் அந்த வயலின் ஓரத்தில்தான் இருந்தது.

ஆட்சி மாறிச் சில வருடங்கள். டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி. தெருவுக்குத் தெரு செங்கொடி. கூலிக்காக ஒரு ஊரில் தகராறு என்றால் நிலத்துக்காக அடுத்த ஊரில். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் நிலத்தை விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மிராசுதாரும் விற்கத் துணிந்தார். ஊரில் அவரைப் பெரியவர் என்போம். "உழுதவன் பொண்டாட்டி கேக்குறா, அவளுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தார்.

அவர் மகன் சின்னவருக்கு அது பிடிக்கவில்லை. ரைஸ்மில்காரர் ஒருவர் அங்கே குடோன் கட்ட ஆசைப்பட்டார். கூடுதல் விலையும் சொன்னார். அவர் கைக்குப் போனால் எங்கள் பயிரும் போகும், வீடும் போகும். போய் நிற்க வேறு இடம் கிடையாது.

பெரியவருக்கு ஒரு பலவீனம். முதுகுக்குப் பின்னால் மகனைத் திட்டுவார். மகன் எதிரே வந்து நின்றால் வாயே திறக்க மாட்டார். ஆகவே மகனுக்குத் தெரியாமல் பத்திரம் முடிக்க ஏற்பாடு. காரை மகன் வைத்திருந்ததால், எங்களோடு அதே பஸ்ஸில், எங்களைத் தெரியாதவர் மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

நாங்கள் நினைத்தது ஒன்று. நடந்தது... பக்கத்து ஊரில் முதல் நாள் அறுவடைத் தகராறு. முச்சந்தியில் போலீஸ் வேன். பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்து அனுப்பினார்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் படியேறும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது.

அன்றும் வெள்ளிக்கிழமை.

"பன்னண்டு ஆவட்டும்" என்று பெரியவர் ஹாலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ராகு காலத்தில் பேனாவைத் தொட மாட்டார். அந்த ஆபீஸே அப்படித்தான். அந்த ஒன்றரை மணி நேரம் ஈ ஆடாது. கிளார்க் டீ குடிக்கப் போய்விட்டார். சப்-ரிஜிஸ்ட்ரார் உள்ளறையில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் பெரியவர், அம்மா, நான், எங்களுக்குப் பத்திரம் எழுதிய கோவிந்தராசு. சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட பழைய பெண்டுலம் கடிகாரம்.

கோவிந்தராசு கறுப்புச் சட்டைக்காரர். சும்மா இருப்பாரா?

"ராகுவாவது கேதுவாவது! இந்த நேரத்துல ரயில் ஓடலையா? புள்ள பொறக்கலையா? எவனோ எழுதி வச்சதுங்க இது!"

"யோவ், போடலாமான்னு ஒரு யோசனை இருந்துச்சு. நீ சொன்னே பாரு, அதுக்காகவே போட மாட்டேன்" என்றார் பெரியவர்.

கோவிந்தராசு கோபமாக வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. அம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"யாரோ சொல்லிட்டாங்க ஞானம்மா. சின்னவரு மில்லுல உக்காந்திருக்காரு. கார் தயாரா நிக்கிது. ராகு காலம் முடிஞ்சு கெளம்பலாம்னு மில்லுக்காரரு சொல்லிட்டாராம். மில் ஆளுங்களும் வர்றாங்க."

மில் எங்கே? ஆபீஸ் இருந்த ஊரின் கோடியில். காரில் பத்து நிமிடம்.

நிலைமை புரிகிறதா? பன்னிரண்டு மணிக்குப் பெரியவர் பேனாவை எடுப்பார். சப்-ரிஜிஸ்ட்ரார் பத்திரத்தைப் படித்து, கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கி, ரேகை வாங்கி... அதற்குள் மகன் வந்து எதிரே நிற்பான். அவ்வளவுதான்.

வேடிக்கையைப் பாருங்கள். யாரோ பஞ்சாங்கத்தில் போட்டுவைத்த ஒன்றரை மணி நேரம். கண்ணுக்குத் தெரியாது. கையில் பிடிக்க முடியாது. அதுதான் எங்களைப் பெஞ்சில் கட்டிப் போட்டிருந்தது. மில்லுக்காரர் காரைக் கட்டிப் போட்டிருந்ததும் அதுவேதான்! பிரபு அன்று அங்கே இருந்து, "காலம்னு ஒண்ணு இல்லைங்க" என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

பெரியவர் என்னிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தார். தடிமனான கண்ணாடி. அந்த வெக்கையிலும் முழுக்கை ஜிப்பா, மணிக்கட்டு வரை பட்டன் போட்டு.

"டீச்சரம்மா, மணி என்ன?"

"பதினொண்ணுங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "என்ன மணி?"

"பதினொண்ணே காலுங்க ஐயா."

"எனக்கு எங்க கண்ணு தெரியுது? சர்க்கார் கடிகாரம் அடிக்கிறதுதான் எனக்கு மணி" என்றார். சொல்லிவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் லேசான குறட்டை.

அம்மா அவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கும்பிடுவதுபோல் கையைக் கோத்து, உதடு அசைய ஏதோ ஜெபித்தாள். பிறகு எழுந்தாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடிகாரத்துக்குக் கீழே கிடந்த இன்னொரு பெஞ்சில் ஏறியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. "அம்மா... வேணாம்மா!" என்றேன். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. சர்க்கார் ஆபீஸ். சர்க்கார் கடிகாரம். முச்சந்தியில் போலீஸ் வேன். பிடித்துக்கொண்டு போனால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? கோவிந்தராசு ஒரு நொடி திகைத்தார். பிறகு உள்ளறைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா கண்ணாடிக் கதவைத் திறந்தாள். பெரிய முள்ளைத் தொட்டாள். மெதுவாக நகர்த்தினாள்.

டங்!

பதினொன்றரை. அந்தக் கடிகாரம் அரை மணிக்கும் அடிக்கும் என்பதை நாங்கள் மூன்று பேருமே மறந்துவிட்டோம்.

அம்மா கை அப்படியே நின்றது. உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம். பெரியவர் கண் திறக்கவில்லை. குறட்டையும் நிற்கவில்லை. உள்ளே மறுபடி பேப்பர் புரளும் சத்தம் கேட்டதும் அம்மா முள்ளைப் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு, பெஞ்சிலிருந்து இறங்கி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடிகாரம் நிதானமாக அடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டும் அடித்து முடித்தது.

"ஆச்சா?" என்று பெரியவர் கண் விழித்தார். "நல்ல தூக்கம். வாங்க, வாங்க, போவோம்."

உள்ளே போனோம். சப்-ரிஜிஸ்ட்ரார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சுளித்தார். காதருகே கொண்டுபோய்க் கேட்டார். ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கதவு வழியாக ஹாலில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, தன் வாட்ச்சின் முள்ளைத் திருகி அதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்! படித்த மனிதர். தன் கையில் ஓடுவதைவிடச் சுவரில் ஓடுவதை நம்பினார். நாமும் அப்படித்தானே? நாலு பேர் ஒத்துக்கொண்டால் அதுதான் மணி.

பத்திரம் படித்தார். கேட்டார். பெரியவர் கையெழுத்துப் போட்டார். பிறகு ரேகை. இடது கைப் பெருவிரலை மைப் பலகையில் வைக்க வேண்டும். பெரியவர் கையை நீட்டினார். ஜிப்பாவின் கை மேலேறியது.

மணிக்கட்டில் ஒரு வாட்ச். பளபளவென்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஜிப்பாக் கையை நிதானமாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க வைக்கணும் சார்?" என்றார்.

வேலையெல்லாம் முடிந்து, ரசீதை வாங்கி அம்மா இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு வாசலில் கார் வந்து நின்றது. சின்னவர். கூடவே மில்லுக்காரர். பின்னாலேயே சைக்கிளில் நான்கு ஆட்கள். நான்கு பேரும் படிக்கட்டை மறித்து நின்றார்கள். கோவிந்தராசு அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அப்பா! வாங்க வீட்டுக்கு. பத்திரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"முடிஞ்சு போச்சேப்பா" என்றார் பெரியவர்.

"எப்படி முடியும்? இப்பத்தான் பன்னண்டு அடிச்சுப் பத்து நிமிஷம் ஆவுது!"

பெரியவர் சுவரைக் காட்டினார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"அது தப்பு! சிங்கப்பூர் வாட்ச்சு இது" என்று மில்லுக்காரர் கையை நீட்டினார். சத்தம் கேட்டு வெளியே வந்த சப்-ரிஜிஸ்ட்ராரிடம், "சார், உங்க வாட்ச்சுல மணி என்ன?" என்று கேட்டார்.

சப்-ரிஜிஸ்ட்ரார் பார்த்தார். "பன்னண்டு அம்பத்தஞ்சு. ஏன்?"

மில்லுக்காரர் தன் சிங்கப்பூர் வாட்ச்சை ஒரு முறை உதறிப் பார்த்தார்.

சின்னவர் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒரு அடி முன்னால் வந்தார். அப்போது, என் வாழ்நாளில் முதல் முறையாக, பெரியவர் மகனுக்கு எதிரே வாயைத் திறந்தார்.

"ராகு காலம் முடிஞ்சு, சர்க்கார் கடிகாரத்தப் பாத்துப் போட்டிருக்கேன்டா. அத நம்பாம வேற எத நம்பச் சொல்ற? வண்டிய எடு."

எப்படி வந்தது அந்தத் தைரியம்? அவராக எடுத்த முடிவு என்றால் அன்றே மகனிடம் தோற்றிருப்பார். கடிகாரம் எடுத்த முடிவு என்று ஆகிவிட்டது, பாருங்கள். நம்மில் பல பேர் 'நேரம் சரியில்லை', 'நேரம் வந்துவிட்டது' என்பதெல்லாம் இந்த வசதிக்காகத்தானோ?

சின்னவர் கதவை அறைந்து காரில் ஏறினார். ஆட்கள் வழி விட்டார்கள். பெரியவர் படியிறங்கும்போது அம்மா பக்கத்தில் ஒரு நொடி நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"ஞானம்மா, போறப்ப அந்த முள்ளச் சரி பண்ணிட்டுப் போ. இல்லன்னா ஆபீஸ முக்கா மணி முன்னாடியே மூடிடுவான். பின்னால வர்றவன் பாவம், என்ன பண்ணுவான்?"

அம்மா ரசீதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா செத்த அன்று அழாதவள், அன்று அழுதாள்.

முள்ளைப் பின்னால் திருப்பினால் மணி அடிப்பது கெட்டுவிடும் என்றார் கோவிந்தராசு. அவரே பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார். கிளார்க் கேட்டதற்கு, "சாவி குடுக்கணும்யா" என்று சமாளித்தார். முக்கால் மணி நேரம், நின்ற கடிகாரத்துக்குக் கீழே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அந்த ஐந்து மாவில்தான் இந்தக் குறுவைக்கும் என் தம்பி மகன் நாற்று விட்டிருக்கிறான்.

"ஏம்மா, இது பொய் இல்லையா? ஞாயித்துக்கிழம கோயில்ல ஆண்டவர்கிட்ட என்னன்னு சொல்லுவ?" என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதே கேட்டேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேரம் ஆண்டவரோடதுடி. அத யாரு தொட்டா? முள்ளு மனுசன் செஞ்சது. நான் அதத்தான தள்ளுனேன்."

பிறகு பெஞ்சில் ஏறி, பெண்டுலத்தை ஒரு தட்டுத் தட்டி ஓடவிட்டாள்.

சப்-ரிஜிஸ்ட்ரார் வாட்ச்சை மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.