வாசனை என்று ஒன்று இருக்கிறதாம்

நாலாம் வகுப்பு படிக்கும் வரை, வாசனை என்பது பெரியவர்கள் மரியாதைக்காகச் சொல்லும் ஒரு பேச்சு என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவரை ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பது போல, ரசம் கொதித்தால் ‘ஆஹா, என்ன வாசனை’ என்று சொல்ல வேண்டும். சாக்கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். நானும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். புது சோப்பை மூக்கருகே வைத்து மூச்சை இழுத்துக் கண்ணை மூடிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூக்கில் காற்று நுழைந்தது. அதற்குத்தான் இத்தனை பெயர்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் எங்கள் வீடு. அப்பா ஒரு கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். அம்மா இன்னொன்றில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசினாள். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு தங்கிக் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம்தான் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்திருந்தது.

ஒரு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து கதவைத் திறந்தால், கரண்ட் இல்லை. சாமி விளக்கை ஏற்றலாம் என்று தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியை உரசப் போன நேரம், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தி அலறினாள்.

“கீழ போடுடி! தீப்பெட்டிய கீழ போடு!”

மத்தியானம் சாப்பிட வந்துபோன அம்மா அடுப்பைச் சரியாக மூடவில்லை. சித்தி சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, என்னைத் தெருவுக்கு இழுத்து வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“வூடு பூரா இப்பிடி நாத்தம் அடிக்குது, உனக்குத் தெரியல?”

“தெரிஞ்சுது சித்தி. ரொம்ப நாத்தம்” என்றேன், வழக்கம்போல.

“அப்புறம் ஏன்டி தீக்குச்சிய எடுத்த?”

அடுப்பை மூட மறந்த அம்மா, எனக்குக் கவனம் போதாது என்றாள். அப்பாவும் அதையே சொன்னார். சித்திக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மறுநாள் என் கண்ணைத் துண்டால் கட்டி, மூக்கருகே கையை நீட்டினாள். “என்னா வாசனை, சொல்லு.”

கொஞ்சம் யோசித்து, “கற்பூரம்” என்றேன்.

கட்டை அவிழ்த்தாள். அவள் கையில் ஒன்றுமே இல்லை. திட்டுவாள் என்று பயந்தேன். அவளோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ வாசனைன்னு நெசமாவே ஒண்ணு இருக்குதா சித்தி?”

“இருக்குதுடி.”

“எங்க இருக்குது?”

சித்தி என் மூக்கைத் தொட்டாள். பிறகு தன் மூக்கைத் தொட்டாள். கடைசியில் காற்றில் கையை அலைத்துக் காட்டினாள்.

கடலூரில் பார்த்த டாக்டர், பிறவியிலேயே இப்படித்தான், சரிசெய்ய முடியாது, அடுப்புப் பக்கம் ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பினார். திரும்பும் பஸ்ஸில் அம்மா அழுதுகொண்டே வந்தாள். சித்தி என் காதருகே குனிந்து, “இப்போ டீசல் வாசனை வருதுடி. ஒரு ரூவா காச நாக்குல வச்ச மாதிரி இருக்குது” என்றாள்.

அன்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. மழைக்கு முந்தைய மண்வாசனை, ஈரக் களிமண்ணை உள்ளங்கையில் அப்பிய மாதிரி. அப்பாவின் வேலைச் சட்டை, வெயிலில் கிடந்த கருங்கல்லை மிதித்த மாதிரி. சில நாள் தடுமாறுவாள். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றுவாள். தனக்குள் மட்டுமே நடக்கிற ஒன்றை எனக்காக இப்படித் துழாவித் துழாவி எடுத்துக் கொடுத்தாளே என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. எனக்கென்று இல்லாமலே போயிருக்க வேண்டிய ஓர் உலகம், அவள் வாய்வழியாக எனக்குக் கிடைத்தது.

மாசி மகத்துக்குப் போய்வந்த சித்தி சம்பங்கிச் சரம் வாங்கி வந்தாள். இது எப்படி என்று கேட்டேன்.

“கொலுசு போட்டுக்கிட்டு நெறைய பேரு ஓடி வர மாதிரிடி.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “எனக்கு அப்பிடி இல்ல. நெஞ்சுல ஈரச் சாக்கப் போட்டு அழுத்துற மாதிரி இருக்கும். எங்கப்பாவ கெடத்தியிருந்தப்போ கழுத்து நெறைய இந்தப் பூவுதான்.”

தாத்தா இறந்தபோது சித்தி கைக்குழந்தை.

ஒரே பூ எப்படி இரண்டாக இருக்கும்? “யாரு சொல்றது கரெக்டு?” என்று கேட்டேன். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. சித்தி சரத்தைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்புறம்? சொல்லுக்கா” என்றாள்.

இன்னும் பூவைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சரத்தை எடுத்துத் தலையில் சொருகியபடி நான் விளையாடப் போய்விட்டேன்.