செவ்வாய்க்கிழமை அழைப்பு

ஜெனிட்டா டீச்சருக்குக் கரும்பலகையைவிடச் சுவர்தான் பிடிக்கும். முத்துப்பேட்டையில் அவர் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பின் பின்சுவருக்குத் தன் கைக்காசில் வெள்ளையடித்து வைத்திருந்தார். பழைய மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்த புரொஜெக்டர், சென்னையில் இருந்த அண்ணன் ஆண்டனி கழித்துப்போட்ட லேப்டாப், தன் செல்போனிலிருந்து இழுக்கிற நெட். இவற்றைக் கொண்டு அந்தச் சுவரில் அவர் எரிமலையைக் காட்டினார், இதயம் துடிப்பதைக் காட்டினார்.

திருவாரூருக்குத் தெற்கே குத்தகைக்கு நெல் போட்ட சவரிராஜின் மகள் அவர். ஆற்றில் தண்ணீர் வராத வருடம் வீட்டு மாட்டை விற்றுத்தான் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கர்த்தர் தனக்கு வைத்த ஊழியம் இதுதான் என்று டீச்சர் உறுதியாக நம்பினார். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் அடுத்த நாள் பாடத்துக்கு எந்த வலைத்தளத்தில் என்ன படம் கிடைக்கும் என்றுதான் தேடிக்கொண்டிருப்பார்.

வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா ஊரில் இல்லை. வளைகுடா, மலேசியா என்று போனவர்கள். பூமி உருண்டையைச் சுற்றிக் காட்டும் ஒரு வலைத்தளத்தைத் திறந்து, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலிருந்து குவைத் வரை டீச்சர் நகர்த்திக்கொண்டு போவார். பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுவரைத் தொடுவார்கள்.

"எங்கத்தா இங்கதான் இருக்காங்க டீச்சர்!"

முதலில் ஓடுகிறவள் ஷமீரா. அவளுடைய அத்தா மீரா உசேன் குவைத்தில் சூப்பர்வைசர். ஏசி ரூம். இதை அவள் சொல்லாத நாளில்லை. அங்கே விடுமுறையான வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் போனில் முகம் காட்டிப் பேசுவார். தேய்த்த சட்டை போட்டிருப்பார், பின்னால் பளபளவென்று ஒரு கார் நிற்கும்.

'தொழில்கள்' என்ற பாடம் வந்தபோது டீச்சருக்கு ஒரு யோசனை உதித்தது. வெளிநாட்டில் இருக்கும் அப்பாமார்களே சுவரில் தோன்றித் தங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினால் எப்படி இருக்கும்? கல்வி அதிகாரி பஞ்சநதம் அந்தச் செவ்வாய்க்கிழமை பார்வையிட வருவதாக இருந்தது. அன்றைக்கே வைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

ஷமீராவின் அம்மா சஃபியா பள்ளி வாசலுக்கே வந்து சொன்னாள். "அவரு வேல நேரத்துல போன் எடுக்க மாட்டாங்க டீச்சர். வெள்ளிக்கெழம வச்சுக்குங்களேன்."

"வெள்ளிக்கிழமை ஆபீசர் வர மாட்டாருங்க."

"அப்ப வேற யாராச்சும் பேசட்டும். இவர விட்டுருங்க."

கூச்சப்படுகிறாள் என்று டீச்சர் நினைத்தார். சரி, ஃபாஜிலின் அத்தா அங்கே கடை வைத்திருக்கிறார், அவரே பேசட்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். செவ்வாய் காலையில் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, இன்றைக்கு மட்டும் லைன் அறுந்துபோகக் கூடாது என்று முழங்காலில் நின்று கேட்டார். அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

அதிகாரி நாற்காலியில் அமர்ந்தார். ஃபாஜிலின் அத்தாவுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். எடுக்கவில்லை.

"எங்கத்தா தூங்குவாங்க டீச்சர். கடையே மெதுவாத்தான் தொறப்பாங்க" என்றான் ஃபாஜில். வகுப்பு சிரித்தது.

"என்ன டீச்சர், படம் ஓடுமா, இல்ல இடைவேளை விட்டுரலாமா?" என்றார் பஞ்சநதம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஷமீரா எழுந்தாள். "எங்கத்தாவக் கூப்புடுங்க டீச்சர். ஊர்லேர்ந்துன்னா உடனே எடுத்துருவாங்க."

சஃபியா சொன்னது டீச்சருக்கு நினைவு வராமல் இல்லை. அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். எண்ணைக் கேட்டுப் போட்டார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். வேலைநாளில், வேலை நேரத்தில், ஊரிலிருந்து அழைப்பு வந்தால் கடல் கடந்து போனவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான், வீட்டில் ஒரு சாவு. டீச்சருக்கு அது தெரியாது.

சுவர் நிறைய மீரா உசேனின் முகம் வந்தது. தலையிலிருந்து வாய்வரை அழுக்குத் துணி சுற்றியிருந்தார். உடம்பில் ஆரஞ்சு நிறச் சட்டை. பின்னால் குப்பை வண்டி ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. துணியை இழுத்துவிட்டுக் கத்தினார்.

"யாரு? யாருக்கு என்னாச்சு? சஃபியா! மவுத்தா? சொல்லுங்க, யாரு மவுத்து?"

"ஒண்ணுமில்லைங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் ஷமீரா டீச்சர் பேசறேன்..."

அவர் காதில் அது ஏறவில்லை. "புள்ளைக்கு என்னாச்சு?" என்று அழுதார். யாரோ அரபியில் அதட்டும் சத்தம் கேட்டது. ஒரு கை குறுக்கே வந்து போனைப் பிடுங்கியது. சுவரில் வானம் தெரிந்தது, பிறகு பூட்ஸ் கால்கள், பிறகு தரையில் கிடந்த ஒரு துடைப்பம். டீச்சர் பதறிப்போய் எதை அமுக்குவது என்று தெரியாமல் எதையெதையோ அமுக்கினார். லைன் அறுந்துபோகவே இல்லை. அரபியில் திட்டுகிற குரலையும் "சார், சார்" என்று கெஞ்சுகிற குரலையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் புரொஜெக்டரின் ஒயரையே பிடுங்கினார். அதற்குப் பிறகும் லேப்டாப்பிலிருந்து சத்தம் வந்தது.

"புதுமையான முயற்சி. நேரத்தத்தான் கொஞ்சம் பாத்து வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த வகுப்புக்குப் போனார்.

கடைசி பெஞ்சில் எவனோ மெல்ல, "சூப்பர்வைசர் வர்றாருடோய்" என்றான். யாரும் அவனை அடக்கவில்லை. ஷமீரா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கே போனார்.

சஃபியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும் டீச்சர். அங்க போன புதுசுலயே சொல்லிட்டாங்க, எழுதிக் குடுத்த வேல வேற, அங்க போய்ச் சேந்த வேல வேற. புள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னாங்க. அவ கண்ணுல மட்டுமாவது நான் நல்லா இருக்கேனேன்னாங்க. அதுக்குத்தான் வெள்ளிக்கெழமன்னு சொன்னேன்."

"மன்னிச்சுக்குங்க சஃபியாம்மா."

"நீங்க என்ன செய்வீங்க. போனப் புடுங்கிக்கிட்டு, சம்பளத்தையும் புடிச்சுட்டாங்களாம்."

அப்போது போன் மணியடித்தது. வேறு யாருடைய போனிலிருந்தோ மீரா உசேன் பேசினார். தேய்த்த சட்டை, பின்னால் கார். எதுவுமே நடக்காததுபோல வந்து நின்றார். டீச்சரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சரா? நல்லா இருக்கீங்களா? அன்னைக்குப் புள்ளைங்க முன்னால சத்தம் போட்டுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க. பயந்துட்டேன்."

டீச்சர் பதிலுக்குக் கைகூப்பினார்.

"புள்ள எங்க?"

சஃபியா உள் அறையைப் பார்த்து, "வாம்மா, அத்தா கூப்புடுறாங்க" என்றாள். ஷமீரா வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அந்தச் சட்ட யாருதுத்தா?"

மீரா உசேன் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். பின்னால் நின்ற காரின் கதவைத் திறந்து யாரோ ஏறினார்கள். அது நகர்ந்து போயிற்று. வெறும் மதில் தெரிந்தது.

"ரூம்ல ஒரு மலையாளத்துத் தம்பி. அவரோடதும்மா" என்றார். பிறகு, "இங்க சிக்னல் சரியில்ல, கேமராவ அமத்திட்டுப் பேசறேன்" என்றார். படம் போயிற்று. "சாப்புட்டியாம்மா? ஷமீரா?" என்று குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கறுத்துப்போன போனை சஃபியா அந்த அறைக் கதவை நோக்கியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஷமீரா பள்ளிக்கு வந்தாள். உலகப் படம் போட்டால் சுவரைத் தொட ஓடுவதில்லை. கொஞ்ச நாளில் மற்றவர்களும் ஓடுவதை விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அழைப்பில் அதற்குப் பிறகு படம் வரவே இல்லை, குரல் மட்டும்தான் என்று சஃபியா ஒருநாள் கடைத்தெருவில் சொன்னாள்.

ஜெனிட்டா டீச்சர் இன்னும் அந்தச் சுவரில்தான் பாடம் நடத்துகிறார். கோயிலுக்குப் போகிறார், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். எதையும் கேட்பதில்லை. சற்று நேரம் முழங்காலில் நின்றுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்.