நூற்றுக்கு ஐந்து

கண்ணுசாமி திருமயத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்க்காரர். சொந்தமாக ஒரு வண்டி, இரண்டு மாடு, கண்மாய்க்குக் கீழே நாலு மா நஞ்சை. செட்டியார்கள் ராயவரத்தில் வீடு கட்டிய காலத்தில் அந்த வீடுகளுக்கெல்லாம் சுண்ணாம்பு ஏற்றி வந்து இறக்கியது அவருடைய வண்டிதான்.

1936இல் அப்படி ஒரு வீட்டு வாசலில் சுண்ணாம்பு இறக்கிக்கொண்டிருந்தபோது, மோட்டாரில் வந்த ஒருவர் சுருட்டி வைத்திருந்த வீட்டு வரைபடத்தை விரித்துக் கொத்தனார்களிடம் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். கண்ணுசாமி கணக்குப்பிள்ளையிடம் விசாரித்தார்.

“பம்பாயில கட்டடப் படிப்புப் படிச்சவரு. செலவுல நூத்துக்கு அஞ்சு அவருக்கு. இது லட்ச ரூபாய் வீடு, நீயே போட்டுப் பாரு.”

“அஞ்சாயிரமா? ஒரு கடிதாசிக்கா?”

“கடிதாசிக்கு இல்லப்பா, படிப்புக்கு.”

அன்று வீடு திரும்பும்வரை அவர் மாட்டை ஓட்டவில்லை. மாடுதான் அவரை இழுத்து வந்தது. மகன் ஆண்டியப்பன் புதுக்கோட்டையில் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தான். படம் வரைவதில் கெட்டிக்காரன். பம்பாயில் ஐந்து வருஷம், மாதம் முப்பது ரூபாய். படிப்புச் சம்பளம், ரயில், கருவி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து இருநூறு ஆகும் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு மடங்கு வந்துவிடுகிறதே என்று கண்ணுசாமிக்குப் பட்டது. நிலத்தை விற்க மனம் வரவில்லை. சின்ன மகள் அழகிக்குக் காதுகுத்து வைத்து மொய் வாங்குவது என்று முடிவு செய்தார்.

மனைவி மீனம்மாள் உலை வைத்துக்கொண்டே சொன்னாள்: “மொய்யும் கடன்தான். இலை போட்டு வாங்குறோம், அம்புட்டுத்தான் வித்தியாசம்.”

“மொய் போடுறவுக வீட்டு விசேசம் ஒவ்வொண்ணா வரும்டி. அதுக்குள்ள ஒன் மகன் ஒரு வீட்டுக்குப் படம் போட்டா போதும்.”

“போடட்டும். அதுக்கு முன்னாடி மாட்டுக்கு வைக்கல் வாங்கிப் போடுங்க.”

காதுகுத்து நடந்தது. மூன்று கிடாய் வெட்டிச் செலவு போக, கையில் தொள்ளாயிரம் ரூபாய் நின்றது. மிச்சத்தை வண்டி ஓட்டிச் சம்பாதித்தார். 1937 ஆனியில் போன ஆண்டியப்பன் ஐந்து வருஷம் கழித்துப் பட்டயத்தோடு வந்து இறங்கினான்.

அவனுக்கு முன்பே பர்மாக்காரர்கள் வந்திருந்தார்கள். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கடை, வயல், கொடுக்கல் வாங்கல் அத்தனையையும் விட்டுவிட்டுக் காட்டுவழி நடந்து வந்த செட்டியார்கள். கால் வீங்கி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. ராயவரத்தில் பாதிச் சுவரோடு நின்ற வீடுகளில் சாரத்தை அவிழ்த்து விறகுக்கு விற்றார்கள். சிமிட்டிக்குச் சர்க்கார் கட்டுப்பாடு. சுண்ணாம்பு கேட்கவும் ஆள் இல்லை. கண்ணுசாமி மாட்டை விற்றார்.

ஆண்டியப்பன் நான்கு மாதம் ஊர் ஊராகப் படியேறினான். ஒரு செட்டியார் மோர் கொடுத்து, “தம்பி, இருக்கிற வீட்டுக்கே விளக்கேத்த எண்ணெய் இல்ல” என்று அனுப்பினார். கடைசியில் திருச்சியில் பட்டாளத்துக் கொட்டகைகளுக்குப் படம் எழுதும் வேலை கிடைத்தது. சம்பளம் நாற்பத்தைந்து ரூபாய். அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்குப் பத்து வந்தது.

1943 ஆவணியில் ஆறு விசேஷப் பத்திரிகைகள் வந்து சேர்ந்தன. விலைவாசி நெருக்கியதால், பெரிய மொய் போட்டு இன்னும் திரும்ப வாங்காத ஆறு வீட்டாரும் தங்களுக்கு வரவேண்டியதை வாங்கிவிட ஒரே மாதத்தில் விசேஷம் வைத்துவிட்டார்கள். விசேஷம் தனித்தனியாக வரும் என்று நினைத்ததுதான் கண்ணுசாமியின் தப்பு. வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்ப வேண்டும். எழுநூறு தேவைப்பட்டது. ஆண்டியப்பன் கடன் வாங்கி அறுபது கொண்டுவந்தான்.

“போர் முடியட்டும்னு சொல்லுங்கய்யா. நெலத்தைத் தொடாதீங்க. போர் முடிஞ்சா கட்டுவாக, நான் சம்பாதிப்பேன்.”

“அவுக போட்டப்ப எந்தப் போரு முடியட்டும்னு காத்திருந்தாக? வெறுங்கையோட போய் அவுக இலையில ஒக்காரச் சொல்றியா?”

“போகவே வேணாம்.”

“போகலைன்னா நாளைக்கு அழகி கல்யாணத்துக்கு எவன் வருவான்? நம்ம வீட்ல பொணம் விழுந்தா எவன் தூக்குவான்?”

வெள்ளைச்சாமி என்ற பக்கத்து வயல்காரர் எழுநூற்றைம்பதுக்கு நிலத்தை எழுதி வாங்கினார். பதிவு ஆபீஸ் வாசலில் கண்ணுசாமி மகனிடம் கேட்டார்: “மாசம் பத்துன்னா, படிப்புக்குப் போட்டது திரும்ப எத்தனை வருசம்டா?”

“பதினெட்டு வருசம், நாலு மாசம்.”

“எனக்கு அம்பத்தாறு” என்றார்.

ஆறு விசேஷத்துக்கும் போனார். ஆறு இலையிலும் உட்கார்ந்தார். பிறகு ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனார். மறு வருஷம் மாசியில் வாந்திபேதி கண்டது. ஒரே நாள்தான். கொள்ளைநோய் என்று பயப்படாமல் ஆறு வீட்டுக்காரர்களும் வந்து தூக்கினார்கள்.

“யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காம போயிட்டாக,” என்று ஒருவர் சொன்னார். ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

காரியம் முடிந்த மறுநாளே அவன் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. லீவு எடுத்த நாளுக்கெல்லாம் சம்பளப் பிடித்தம்.

“ஆத்தா, அழகியையும் கூட்டிக்கிட்டுத் திருச்சிக்கு வந்துரு.”

“ஒரு அறையில மூணு பேரு. நாப்பத்தஞ்சுல எத்தனை வயித்துக்குடா போடுவ?” என்றாள் மீனம்மாள்.

பஸ் கிளம்பிய பிறகு வெள்ளைச்சாமி வீட்டுக் கொல்லையில் போய் நின்றாள். நடவுக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்டாள். எந்த வயலுக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.